எகிப்தின் கற்கலங்களும் அவற்றின் சில்லுகளும்

எகிப்தில் கல்லைக் குடைந்து கலம் செய்யும் தொழில் பிரமிடுகளைவிட ஆயிரம் ஆண்டுக்கு மேல் மூத்தது. கி.மு. 4000-ஐ ஒட்டிய காலத்துப் புதைகுழிகளிலேயே பசால்ட் என்னும் எரிமலைக் கல்லில் குடைந்த குவளைகள் கிடைத்திருக்கின்றன. கெய்ரோவின் தென்புறத்தில் உள்ள மாடி என்ற தொல்குடியிருப்பிலும் அதே வகைக் கலங்கள் உண்டு. அப்போது எகிப்தில் எழுத்து இல்லை. மேல் எகிப்தையும் கீழ் எகிப்தையும் ஆண்ட ஒரே அரசும் இல்லை. செம்பு அரிய பொருள். அந்த நிலையிலேயே கல் கடையும் கைத்திறன் முதிர்ந்துவிட்டது. அரசு அமைந்த பிறகு அது வளர்ந்தது, பெருகியது, பிறகு தேய்ந்தது. இந்த வரலாற்றின் பெரும்பகுதியைச் சொல்பவை முழுக் கலங்கள் அல்ல, உடைந்த சில்லுகள்.

நைல் வண்டலில் பானை வனைவது எளிது, மலிவு. அப்படியிருந்தும் கல்லை நாடியதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று இருந்தது. மெருகிடாத மண்பாண்டத்தில் எண்ணெய் ஊறிக் கசியும். இறுக்கமான கல்லில் கசியாது. நறுமண எண்ணெய், கண்மை, தைலம் போன்ற விலையுயர்ந்த சரக்குகளுக்குக் கல் பொருத்தமான கொள்கலம். ஆனால் அந்த ஒரு காரணம் போதாது. பதப்படுத்தாத சுண்ணாம்புக்கல்லும் கொஞ்சம் உறிஞ்சத்தான் செய்யும். வேலை செய்யக் கடினமான, எங்கோ தொலைவிலிருந்து வந்த, என்றும் அழியாத பொருள் என்பதே கல்லின் மதிப்பு. அந்த மதிப்பு எவ்வளவு பரவியிருந்தது என்பதற்குப் போலிகளே சான்று. கி.மு. 3500-ஐ அடுத்த நூற்றாண்டுகளில் மண்பானைகள்மீது செந்நிறச் சுருள்கள் தீட்டி, புள்ளியும் வரியும் உள்ள கல் போலத் தோற்றம் தந்தார்கள். கல் வாங்க முடியாதவர்களும் கல்லின் சாயலையாவது கல்லறைக்குக் கொண்டுபோக விரும்பியிருக்கிறார்கள்.

நைல் பள்ளத்தாக்கின் இருபுறமும் உள்ள பாலைவனம்தான் இத்தொழிலின் கிடங்கு. சுண்ணாம்புக்கல் ஆற்றோரக் குன்றுகளிலேயே கிடைத்தது. பசால்ட் ஃபயூமின் வடக்கிலிருந்து வந்தது. சாம்பலும் பச்சையும் கலந்த நேர்த்தியான வண்டற்கல், நைலுக்கும் செங்கடலுக்கும் நடுவே உள்ள வாதி ஹம்மாமத்தில் வெட்டப்பட்டது. மெல்லிய விளிம்புள்ள தட்டுகளுக்கு அதைவிடப் பொருந்திய கல் வேறில்லை. செங்கருங்கல் அஸ்வானில் கிடைத்தது. சிவப்புப் பின்னணியில் வெள்ளைத் துண்டுகள் பதிந்த சுண்ணாம்புக் கலவைக்கல், வெண்படிகங்கள் தெறித்த கரும் போர்ஃபிரி, டயோரைட், மாக்கல், ஸ்படிகம் ஆகியவையும் பட்டறைகளுக்கு வந்தன. எரிமலைக் கண்ணாடி எகிப்தில் கிடையாது. செங்கடலின் தெற்குக் கரைகளிலிருந்து அது கைமாறி வந்தது. ஆரம்பகாலக் கைவினைஞர்கள் நிறத்திலும் வரியிலும் எத்தனை ஆசை வைத்திருந்தார்கள் என்பது இந்தப் பட்டியலிலேயே தெரிகிறது. பிற்காலத்தவர்கள் இத்தனை வகைக் கல்லைத் தொடவில்லை.

மிக அதிகமாகப் புழங்கியது எகிப்திய அலபாஸ்டர். பெயர் அப்படி இருந்தாலும் இது ஜிப்சம் அல்ல, சுண்ணாம்பு இனத்தைச் சேர்ந்த கால்சைட். பால்வெள்ளையும் தேன்மஞ்சளும் மாறிமாறி ஓடும். மெல்லியதாகக் கடைந்தால் ஒளி ஊடுருவும். மத்திய எகிப்தில் அமர்னாவுக்குத் தென்கிழக்கே பாலைவனத்துக்குள் இருக்கும் ஹத்நூப் இதற்குப் பேர்போன சுரங்கம். கூஃபு காலத்திலிருந்து பல மன்னர்களின் பெயர்களும் பயணக் குழுக்களின் குறிப்புகளும் அதன் சுவர்களில் உள்ளன. கற்பாளங்களை மேலே இழுத்த சரிவுப்பாதை ஒன்றும், இருபுறமும் கம்பம் நட்ட குழிகளோடு, அங்கே அண்மையில் வெளிப்பட்டது. ஜிப்சத்தில் செய்த மலிவான கலங்களும் உண்டு. ஃபயூமின் வடக்கே உம் எஸ்-சவ்வான் என்ற இடத்தில் அதற்கான சுரங்கத்தையும் பட்டறைகளையும் 1920-களில் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சனும் எலினார் கார்ட்னரும் ஆராய்ந்தார்கள். பிறைவடிவில் தட்டிய சிக்கிமுக்கிக் கற்கள் அங்கே ஏராளமாகச் சிதறிக் கிடந்தன. அவைதான் மென்கல்லைக் குடைந்த துளைமுனைகள்.

கலம் செய்யும் முறையை மூன்று வழிகளில் அறிகிறோம்: கல்லறைச் சுவர்ச் சித்திரங்கள், கிடைத்த கருவிகள், கலங்களின் உட்புறத்துத் தடங்கள். மூன்றாவதுதான் நம்பகமானது. முழுக் கலத்தின் குறுகிய வாய்வழியே உள்ளே பார்க்க முடியாது. உடைந்த சில்லில் அந்த உட்சுவர் முழுதும் வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது.

முதலில் கற்பாளத்தைக் கடினக்கல் சுத்தியலால் கொத்தி வெளிவடிவம் தருவார்கள். பிறகு மணற்கல்லால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். உட்புறம் குடைவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். சகாராவில் 6-ஆம் வம்சத்து அமைச்சர் மெரெரூகாவின் கல்லறை உட்படப் பல இடங்களில் இந்தக் காட்சி இருக்கிறது. நிமிர்ந்த மரத்தண்டு ஒன்று. அதன் மேல்முனை வளைந்து கைப்பிடியாகிறது. அதற்குக் கீழே இரண்டு கனத்த கற்கள் பாரமாகக் கட்டப்பட்டிருக்கின்றன. அடியில் கவை போலப் பிளந்த முனை துளைக்கல்லைப் பிடித்திருக்கிறது. தொழிலாளி ஒரு கையால் தண்டைப் பிடித்து மறுகையால் பிடியைத் திருகுகிறான். முழுச் சுற்றாக அல்ல, முன்னும் பின்னுமாக. இந்தக் கருவியின் உருவமே எகிப்திய எழுத்தில் கைத்தொழிலைக் குறிக்கும் குறியாயிற்று. தச்சு, உலோகம், நெசவு என எத்தனையோ தொழில்கள் இருக்க, எழுத்தர்கள் தேர்ந்தது கல் குடைபவனின் தமரைத்தான்.

கடினக்கல்லுக்கு உள்ளீடற்ற செம்புக் குழாயைத் துளைமுனையாக்கினார்கள். செம்பு கருங்கல்லைவிட மிக மென்மையானது. அது தானாகக் கல்லை அறுக்காது. அறுப்பது குழாயின் விளிம்புக்குக் கீழே இடும் பாலைவன மணல். அந்த மணலின் குவார்ட்ஸ் பரல்கள் செம்பின் அழுத்தத்தில் உருண்டு கல்லை அராவுகின்றன. குழாய் இறங்க இறங்க நடுவில் ஒரு கல்தண்டு நிற்கும். அதை ஒடித்து எடுத்தால் நேரான துளை மிஞ்சும். ஆனால் கலத்தின் வயிறு வாயைவிட அகலம். தோளுக்கு அடியில் குடைய, இடை சிறுத்து எட்டு வடிவில் அமைந்த துளைக்கற்களைப் பயன்படுத்தினார்கள். குறுக்கில் ஒடுங்கிய அந்தக் கல்லைச் சாய்த்து வாய்வழியே நுழைத்து, உள்ளே கிடைமட்டமாக்கிக் கவைமுனையில் பொருத்திச் சுழற்றுவார்கள். ஒன்றைவிட ஒன்று பெரிதான கற்களாக மாற்றிக்கொண்டே போனால் வயிறு அகலும். சில்லுகளின் உட்புறத்தில் அடுக்கடுக்காகத் தெரியும் வட்டவரிகள் இந்த வேலையின் தடங்கள். பல கலங்களில் அவற்றைத் தேய்த்து மறைக்கக்கூட யாரும் முயலவில்லை. வெளியே கண்ணாடி போல மினுங்கும் சாடிகளின் உட்புறம் கரடாகவே விடப்பட்டிருக்கிறது. எவரும் பார்க்காத இடத்தில் உழைப்பை வீணாக்கவில்லை.

செம்பும் மணலும் போதுமா என்ற கேள்வி பழையது. கீஸாவில் கிடைத்த துளைத்தண்டுகளின் சுருள்வரிகளைக் கண்ட ஃபிளிண்டர்ஸ் பெட்ரி, குழாயின் விளிம்பில் கடினமான மணிக்கற்களைப் பதித்திருக்க வேண்டும் என்று 1880-களில் வாதிட்டார். தூத்தங்காமூன் கல்லறைப் பொருள்களை ஆராய்ந்த வேதியியலாளர் ஆல்ஃபிரட் லூக்காஸ் அதை ஏற்கவில்லை. தளர்வான தூளே போதும் என்றார். பிற்காலத்தில் ஆங்கிலேயரான டெனிஸ் ஸ்டாக்ஸ் பழைய கருவிகளின் நகல்களைச் செய்து, மணலும் செம்பும் கொண்டு கருங்கல்லையே துளைத்துக் காட்டினார். ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயரச் சுண்ணாம்புக்கல் சாடி ஒன்றை முடிக்க அவருக்கு ஒரு முழு நாள் அளவு வேலைநேரம் பிடித்தது. டயோரைட்டுக்கு அதைப் போலப் பல மடங்கு ஆகும். வாதம் லூக்காஸ் பக்கமே தீர்ந்தது என்று சொல்லலாம்.

தொழிலின் உச்சம் முதல் மூன்று வம்சங்களின் காலம், சுமார் கி.மு. 3100 முதல் 2600 வரை. அந்த அரசர்களில் பலர் அபிடோஸின் பாலைநிலத்தில், உம் எல்-கஆப் என்ற இடத்தில் புதைக்கப்பட்டார்கள். அரபியில் அந்தப் பெயரே பானையோடுகளின் தாய் என்று பொருள்படும், மேடெல்லாம் உடைசல். கல்லறைகள் பழங்காலத்திலேயே கொள்ளைபோயின, தீக்கிரையாயின. 1890-களின் பிற்பகுதியில் எமீல் அமெலினோ அங்கே தோண்டினார். முழுப் பொருள்களை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அவர் பாழாக்கினார், உடைந்த கலங்களை மேலும் நொறுக்கச் செய்தார் என்று பெட்ரி கடுமையாகக் குற்றம் சாட்டினார். 1899-இல் அதே இடத்துக்கு வந்த பெட்ரி, மற்றவர் ஒதுக்கிய குப்பையை அள்ளிச் சலித்தார். விலைமதிப்புள்ள கற்களில் மட்டும் 10,000 முதல் 20,000 துண்டுகள் தேறின. அலபாஸ்டரும் வண்டற்கல்லும் அதைவிட மிகுதி. கல்லின் இனப்படி பிரித்து, வளைவை அளந்து, விளிம்போடு விளிம்பு பொருத்தி, அவர் கலங்களின் வடிவங்களைத் தாளில் மீட்டார். அரசர்கள் ஆண்ட வரிசையை நிறுவ அந்தத் துண்டுகளின் பொறிப்புகள் உதவின. எகிப்தியத் தொல்லியல் பொருள்வேட்டையிலிருந்து விலகி அறிவியலாக மாறிய கட்டங்களில் இந்தச் சலித்தெடுப்பும் ஒன்று.

எல்லாம் உடைந்துபோகவுமில்லை. 2-ஆம் வம்சத்தின் கடைசி மன்னன் காசெகெம்வியின் கல்லறையில் கைக்கடக்கமான சில சாடிகள் தப்பின. அவற்றின் வாய்க்குத் தங்கத்தகட்டு மூடி. அதைச் சுற்றித் தங்கக்கம்பிக் கட்டு.

ஆனால் எல்லாக் கண்டெடுப்புகளையும் மிஞ்சியது சகாராவில் நிகழ்ந்தது. 3-ஆம் வம்சத்து ஜோசரின் படிப்பிரமிடுக்குக் கிழக்கே, 30 மீட்டருக்கு மேல் ஆழமான செங்குத்துக் குழிகளும் அவற்றின் அடியிலிருந்து பிரமிடுக்குக் கீழே ஓடும் சுரங்கப் பாதைகளும் உள்ளன. 1930-களில் ஜான்-ஃபிலிப் லாவெரும் ஜே. ஈ. குவிபெல்லும் அவற்றில் இரண்டைத் திறந்தபோது, தரையிலிருந்து கூரைவரை கற்கலங்கள் அடுக்கியிருந்தன. கூரைப்பாறை இடிந்து விழுந்ததில் பெரும்பாலானவை நொறுங்கிவிட்டன. எண்ணிக்கை ஏறத்தாழ 40,000 என்று மதிப்பிட்டார்கள். சாடி, கிண்ணம், தட்டு, தாம்பாளம் என எல்லா வடிவமும் எல்லாக் கல்லும் அங்கே இருந்தன. ஒட்டும் வேலை ஆண்டுக்கணக்கில் நடந்தது.

அதைவிட வியப்பு பொறிப்புகளில் இருந்தது. அது ஜோசரின் பிரமிடு. ஆனால் கலங்களில் ஜோசரின் பெயர் அரிதினும் அரிது. நார்மெர், ஜெர், தென், அஜிப், செமெர்கெத், காஆ, ஹோதெப்செகெம்வி, நினெச்சர் என முன்னோர்களின் பெயர்களே நிறைந்திருந்தன. கல்லில் கீறியவை சில, மையால் எழுதியவை பல. மைக்குறிப்புகள் கொடுத்தவர், அதிகாரி, விழா, கோயில் ஆகியவற்றைச் சொல்கின்றன. அந்தக் காலத்து நிர்வாகத்தைப் பற்றி இவ்வளவு எழுத்து வேறு ஓரிடத்தில் சேர்ந்து கிடைக்கவில்லை. தென், அஜிப், செமெர்கெத், காஆ என்ற நான்கு பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொறித்த கலமும் உண்டு. 1-ஆம் வம்சத்தின் பிற்பகுதி வரிசைக்கு அது அக்காலத்தவர் கையாலேயே கிடைத்த ஆதாரம். சில கலங்களில் அஜிப்பின் பெயரைச் சுரண்டிவிட்டுச் செமெர்கெத் தன் பெயரை இட்டிருக்கிறான். அரியணைக்கு வந்தவிதம் சுமுகமாக இல்லை என்று கருத இடம் தரும் செயல் அது. ஸ்னெஃபெர்கா என்ற அரசனோ கற்கலப் பொறிப்புகளில் மட்டுமே வாழ்கிறான். கல்லறை இல்லை, சிலை இல்லை, பிற்கால அரசர் பட்டியல்களில் இடமும் இல்லை. அந்தத் துண்டுகளும் பொடியாகியிருந்தால் அப்படியொருவன் இருந்ததே தெரிந்திராது.

ஜோசர் முன்னோர்களின் கலங்களை ஏன் தன் பிரமிடுக்குக் கீழே வைத்தான்? கொள்ளைபோன பழைய கல்லறைகளிலிருந்து மீட்டவற்றைப் பக்தியோடு அடக்கம் செய்தான் என்பது ஒரு கருத்து. அரண்மனை, கோயில் கிடங்குகளில் தலைமுறைகளாகத் தேங்கிய சரக்கை மொத்தமாக மாற்றினான் என்பது இன்னொன்று. சில கலங்கள் இருந்த பைகளில் காசெகெம்வியின் பெயருள்ள களிமண் முத்திரை இருந்தது. ஆக, திரட்டும் வேலை ஜோசருக்கு முந்தைய ஆட்சியிலேயே தொடங்கியிருக்கலாம். மைக்குறிப்புகள் கிடங்குக் கணக்கைப் போலவே இருப்பதால் இரண்டாவது கருத்துக்கே வலு அதிகம்.

அதே சகாராவில் 1936-இல் வால்டர் எமெரி, சாபு என்ற 1-ஆம் வம்சத்து அதிகாரியின் கல்லறையில் வண்டற்கல் தட்டு ஒன்றைக் கண்டார். விட்டம் 61 சென்டிமீட்டர். மூன்று மடல்கள் உள்நோக்கி மடிந்து, நடுவில் குழாய் போன்ற துளையோடு நிற்கும். அதுவும் துண்டுதுண்டாகக் கிடைத்து ஒட்டப்பட்டதுதான். எதற்குப் பயன்பட்டது என்பது தெளிவில்லாததால், இயந்திரச் சக்கரம் என்று கதை கட்டுவோர் பெருகிவிட்டார்கள். விளிம்புகளோ விரலளவு தடிப்பும் இல்லாதவை. சுழற்சியைத் தாங்கும் உறுப்பு அல்ல அது. உலோகத்தகட்டை மடித்துச் செய்த கலங்களைக் கல்லில் பின்பற்றும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. இதையும் அந்த வரிசையில் வைப்பது பொருந்தும்.

ஜோசருக்குப் பிறகு தொழில் மெல்ல இறங்கியது. கல்வேலையின் ஆட்பலம் பிரமிடுகளுக்கும் கோயில்களுக்கும் சிலைகளுக்கும் போயிற்று. 4-ஆம் வம்சத்தில் அபு சிம்பெலுக்கு வடமேற்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கெபெல் எல்-அஸ்ரிலிருந்து நைஸ் கல் வந்தது; வெயிலில் நீலம் மின்னும் கல் அது. காஃப்ரேயின் புகழ்பெற்ற சிலையும் அதில்தான் ஆனது. கலங்களுக்கும் அதைப் பயன்படுத்தினார்கள். மற்றபடி கடினக்கற்கள் ஒவ்வொன்றாக விலகி அலபாஸ்டரே மிஞ்சியது. கல்லறைகளில் உண்மையான சாடிக்குப் பதிலாகச் சுண்டுவிரல் அளவு மாதிரிகள் வைக்கப்பட்டன. அவற்றில் பலவற்றுக்குக் குழிகூட இல்லை. மத்திய அரசுக் காலத்தில் இளநீல அன்ஹைட்ரைட்டில் சின்னஞ்சிறு மைச்சிமிழ்கள் செய்து கொஞ்சம் புதுமை காட்டினார்கள். புதிய அரசுக் காலத்தில் மரக்கட்டையைச் சாடி வடிவில் கடைந்து கல்வரிகள் தீட்டிய போலிகள் வந்தன. தூத்தங்காமூனின் கொள்ளுப்பாட்டன் முறையான யூயாவின் கல்லறையிலேயே அப்படிப்பட்டவை உண்டு.

விலையான கலம் எளிதில் கைவிடப்படவில்லை. கீஸாவில் மென்கௌரேயின் கோயில்களை ஜார்ஜ் ரெய்ஸ்னர் 1906 முதல் அகழ்ந்தபோது, நூற்றாண்டுகள் முந்திய 2-ஆம் வம்சத்து மன்னர்களின் பெயருள்ள கற்கலங்களும் வெளிவந்தன. 1922-இல் திறந்த தூத்தங்காமூன் கல்லறையில் இருந்த சுமார் 80 அலபாஸ்டர் கலங்களில், அவனுக்கு நூறாண்டுக்கு முந்திய மூன்றாம் துத்மோசின் பெயரும் கொள்ளளவும் பொறித்த சாடியும் ஒன்று. கொள்ளளவு ஹின் கணக்கில் உள்ளது. ஒரு ஹின் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்தக் கல்லறைக்குள் பழங்காலத்தில் புகுந்த திருடர்கள் கலங்களை விட்டுவிட்டுத் தைலத்தை மட்டும் வழித்துச் சென்றார்கள். உட்புறத்தில் அவர்களின் விரல்தடங்கள் அப்படியே இருந்தன.

எகிப்துக்கு வெளியே கிடைத்த சில்லுகள் வேறொரு வரலாறு சொல்கின்றன. லெபனான் கரையின் பிப்லோஸ் நகரில் காசெகெம்வி தொடங்கி இரண்டாம் பெப்பிவரை மன்னர் பெயருள்ள துண்டுகள் உள்ளன. கப்பல் கட்டத் தேவதாரு வாங்கிய துறைமுகம் அது. சிரியாவின் எப்லாவில், கி.மு. 2300-ஐ ஒட்டி எரிந்த அரண்மனையின் இடிபாட்டில் 1977-இல் பாவ்லோ மத்தியே குழு காஃப்ரேயின் பெயருள்ள கல் விளக்கையும் முதலாம் பெப்பியின் பெயருள்ள மூடியையும் எடுத்தது. இரு மன்னர்களுக்கும் இடையே இருநூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி. எனவே காஃப்ரே எப்லாவுக்கு நேரடியாகப் பரிசு அனுப்பினான் என்று முடிவுகட்டக் கூடாது. பழைய கலம் பிற்காலத்தில் போயிருக்கலாம். கிரீட்டின் நாசோஸில் ஹிக்சோஸ் மன்னன் கியானின் பெயருள்ள அலபாஸ்டர் மூடி 1901-இல் அகப்பட்டது. அசூரில் கிடைத்த கலங்களில் எகிப்தியப் பெயரோடு அசீரிய மன்னன் எசர்ஹத்தோனின் ஆப்பெழுத்தும் சேர்ந்திருக்கிறது. சீதோன் அரசனின் கருவூலத்திலிருந்து கொள்ளையடித்தது என்று அதுவே ஒப்புக்கொள்கிறது. ஸ்பெயினின் தென்கரையில், அல்முனெகாரின் ஃபினீசியர் கல்லறைகளில், 22-ஆம் வம்சத்து மன்னர்களுக்காகச் செய்த அலபாஸ்டர் சாடிகளில் எரித்த எலும்புகளை இட்டு வைத்திருந்தார்கள்.

பாரசீக ஆட்சியின்போது மன்னர் செர்க்செஸின் பெயரைப் பழம்பாரசீகம், ஏலமைட், பாபிலோனியம், எகிப்தியம் ஆகிய நான்கு மொழிகளில் பொறித்த அலபாஸ்டர் சாடிகள் செய்யப்பட்டன. அவற்றில் ஒன்று பாரிஸில் இருந்தது. ஷாம்போலியன் எகிப்திய எழுத்தைப் படித்த முறை சரியா என்ற ஐயம் நிலவிய 1823-இல், அந்தச் சாடியின் ஆப்பெழுத்திலும் சித்திர எழுத்திலும் ஒரே பெயர் வருவது அவருக்குத் துணைநின்றது. இன்னொன்றை 1857-இல் சார்ல்ஸ் நியூட்டன் ஹாலிகார்னாசஸ் கல்லறை மாளிகையின் இடிபாட்டில் கண்டெடுத்தார். அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இந்தத் துறையை ஒழுங்குபடுத்தியவை மூன்று நூல்கள்: பெட்ரி 1937-இல் வெளியிட்ட வடிவத் தொகுப்பு, அலி எல்-கூலியின் 1978-ஆம் ஆண்டு மூன்று தொகுதிகள், கல்லினங்களைப் புவியியல் முறையில் திருத்திய பார்பரா ஆஸ்டனின் 1994-ஆம் ஆண்டு நூல். ஆஸ்டனுக்கு முந்திய நூல்களில் வரும் கல்லின் பெயர்களை அப்படியே நம்பக் கூடாது. ஸ்லேட், ஷிஸ்ட் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் ஹம்மாமத் வண்டற்கல்.

அகழ்ந்தவற்றில் ஒரு பங்கைப் பணம் கொடுத்த வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்குப் பிரித்துக் கொடுத்த பழைய ஏற்பாட்டில், ஒரே கலத்தின் துண்டுகள்கூட வெவ்வேறு நாடுகளுக்குப் போயின. 1983-இல் எகிப்து இயற்றிய 117-ஆம் எண் சட்டம் தொல்பொருள் வணிகத்தைத் தடை செய்தது. அதற்கு முன் சந்தையில் விற்ற முழுக் கலங்கள் ஏராளமாகத் தனியார் கைகளில் உள்ளன. அவற்றின் கச்சிதத்தைக் கருவிகளால் அளந்து, மறைந்துபோன இயந்திர நாகரிகம் ஒன்றுக்கு ஆதாரம் காட்டுவோர் இப்போது அதிகம். எங்கே, எந்த மண்ணடுக்கில் கிடைத்தது என்று தெரியாத கலத்துக்கு வயது சொல்ல முடியாது. அது பழையதா, அண்மையில் கடைந்ததா என்பதுகூட உறுதியில்லை. பெட்ரி சலித்தெடுத்த உடைந்த விளிம்பு ஒன்றுக்கு இருக்கும் சான்றுமதிப்பு அத்தகைய முழுச் சாடிக்குக் கிடையாது.